அஞ்சு மரம்

“குறைன்னு ஒண்ணும் இல்லீங்க. கவர்மெண்டு எல்லாத்தையும் நல்லாத்தான் செய்யுது.”

ஒன்பதாவது வீட்டிலும் இதே பதில். தீனதயாளனுக்குத் தலை சுற்றியது.

சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம் அனுப்பிய ஆள் அவன். அரசாங்கம் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கேட்டு எழுத வேண்டும். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, இரண்டு பஸ் மாறி, பஸ்ஸே போகாத கடைசி மூன்று மைலை நடந்து, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“ஊருக்கு பஸ் கூட இல்லையேம்மா?”

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க.”

“அந்தக் குழாயில தண்ணி வருதா?”

“வருதுங்க.”

குழாயின் வாயில் ஓணான் ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

“ஆம்பளைங்க யாரையும் காணோமே?”

“எல்லாரும் வெளியூரு போயிருக்காங்க.”

எதிரே மரவள்ளிக் கொல்லையில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று அமுங்கின. தமிழ்நாட்டிலேயே திருப்தியான ஊர் இதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சென்னைக்கே திரும்பிவிடலாம் என்று தீனதயாளன் படிவத்தை மடித்தான்.

அப்போதுதான் ஒரு அம்மா களைக்கொத்தும் கையுமாக ஓடி வந்தாள்.

“பேரு எழுதிக்கினு போறவரு நீங்கதானுங்களே?”

“ஆமாம்மா. உங்க பேரு?”

“எம்பேரு கொளஞ்சியம்மா. அத வுடுங்க, எம்புள்ள பேர எழுதுங்க. செவசங்கரு. அப்பா பேரு மாயவன். வயசு இருவத்திரண்டு. இல்ல இல்ல, இப்ப இருவத்தி நாலு.”

“என்ன வேலை செய்யறாரு?”

“மறியல்ல மரம் வெட்டுனவன் சார். மெயின் ரோட்டுல அஞ்சு மரத்த வெட்டிச் சாச்சது அவன்தான். நல்லா எழுதிக்குங்க, அஞ்சு.”

சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஒரு பெரியவர், வெளியூர் போயிருப்பதையும் மறந்து எழுந்து ஓடி வந்தார்.

“இன்னா அண்ணி, புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு? பெத்த புள்ளய நீயே காட்டிக் குடுக்குறியா?”

தீனதயாளனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வருஷம் முன்னால், எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அப்போதும் பேப்பரும் பேனாவுமாகப் போலீஸ் ஆட்கள் வந்து பேர், அப்பா பேர், வயசு என்றுதான் கேட்டிருப்பார்கள். அவனுடைய படிவத்திலும் முதல் மூன்று கட்டங்கள் அவையேதான்.

“ஐயோ, நான் போலீஸ் இல்லைங்க! உங்களுக்கெல்லாம் என்ன வேணும்னு கேட்டு எழுத வந்தவன்.”

அடையாள அட்டையை நீட்டினான். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் கையை ஆட்டினார்.

அவ்வளவுதான். வெளியூர் போன ஆம்பளைகள் எல்லாம் ஐந்தே நிமிஷத்தில் ஊர் திரும்பினார்கள்.

“மொதல்ல பஸ் வுடச் சொல்லுங்க சார்!”

“கொழாயில தண்ணி வந்து எட்டு மாசம் ஆவுது!”

“இட ஒதுக்கீட்ட மேல எழுதுங்க. எம்மவன் பன்னண்டாவது படிச்சிட்டு மாடு ஓட்டிக்கினு இருக்கான்.”

தீனதயாளனின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஊரே பேசியது. கொளஞ்சியம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். மற்றவர்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்திருக்க, அவள் முகம் மட்டும் வாடிப் போயிருந்தது.

“நெஜமாவே நீங்க போலீஸ் இல்லீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப அவங்க எப்ப வருவாங்க?”

பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“பெத்தவ பேசுற பேச்சா சார் இது? அந்தப் புள்ள மரத்தத் தொடவே இல்ல. வெயில்ல நின்ன எங்களுக்கு ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து குடுத்தான், அவ்ளோதான். போலீஸ் வேனப் பாத்ததும் பயந்து மலைப்பக்கம் ஓடிட்டான். எங்கியோ ஒளிஞ்சி நிம்மதியா இருக்கறவன மாட்டி வுடப் பாக்குறா!”

தீனதயாளனுக்கும் கோபம் வந்துவிட்டது. பிள்ளை தப்பு செய்திருந்தால்கூட மறைக்கிற அம்மாக்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

“செய்யாத தப்பைப் பையன் தலையில கட்டுறீங்களே, நியாயமாம்மா?”

அவள் மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிவம் ஒன்று பாக்கி இருந்தது. வேண்டாவெறுப்பாகக் கேட்டு வைத்தான்.

“சரி, உங்களுக்கு அரசாங்கம் முதல்ல என்ன செய்யணும்? அதையாவது சொல்லுங்க.”

“எம்புள்ளயத் தேடணும் சார்.”

கொளஞ்சியம்மாள் படிவத்தின் மேல் விரலை வைத்தாள்.

“ஒளிஞ்சிக்கினு இருக்கான்னு ஊரே சொல்லுது. எங்கன்னுதான் யாருக்கும் தெரியல. கரியாலூரு, வெள்ளிமலைன்னு மலையெல்லாம் சுத்திட்டேன். சேலத்துல பாத்ததா ஒருத்தரு சொன்னாரு, அங்கியும் போயி தெருத் தெருவா அலஞ்சேன். ஒரு கடுதாசி இல்ல, சேதி இல்ல. நாங்க தேடி ஆவல சார். போலீஸ்னா எங்க இருந்தாலும் புடிச்சிடுவாங்க இல்ல? ஜெயில்ல வச்சாக்கூட சோறு எடுத்துக்கினு போயி மொகத்தப் பாத்துட்டு வருவேன்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு மரம்னா தேடுவாங்களோ, வுட்டுடுவாங்களோன்னுதான் சார் அஞ்சுன்னு சொன்னேன்.”