ஸ்கேல்தான் முதல்ல

மறுபடியும் தப்பு.

கிட்டார் கழுத்தின் மூன்றாம் கட்டத்தில் விழ வேண்டிய நடுவிரல் நான்காம் கட்டத்தில் போய் விழுந்தது. கிட்டார் அபஸ்வரமாக முனகியது.

"இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றாள் கிட்டார் ஆசிரியை.

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

முழு, முழு, அரை. முழு, முழு, முழு, அரை. முழு என்றால் இரண்டு கட்டம் தள்ளி, அரை என்றால் அடுத்த கட்டம். மேஜர் ஸ்கேல் என்கிற சுர வரிசை அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கேட்ட நிமிடமே ஒப்பித்துவிட்டார். சூத்திரம் தெரிந்தால் கணக்கு வந்த மாதிரிதான் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவர்.

விரலுக்கு அது வரவில்லை.

நான்கு விரல், நான்கு கட்டம். கை அதைத் தாண்டி நகரக் கூடாதாம். கைபேசியில் அடுத்தவர் விரலைப் பார்த்துப் பார்த்து மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, பழகியிருந்தார். அதை வைத்தே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் ஜம்பமாக வாசித்தாயிற்று. கோயில் பாடகர் குழுவில் இடம் கேட்டபோதுதான், முறையாகப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது இந்த ஒரு வகுப்புதான். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. சனிக்கிழமை நான்கு மணி.

இன்று முதல் வகுப்பு. கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள்.

"நான் ஜெபஷீலா, சார். எட்டாம் வகுப்பு பி. நீங்கதான் கணக்கு எடுத்தீங்க."

சிரித்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பழைய பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

மிச்சம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அடைப்புக்குறியை நீக்கும்போது குறியை மாற்ற மறந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

ஒரு தப்புக்கு ஓர் அடி. புறங்கை மேலே. மரஸ்கேலைச் சாய்க்காமல், விளிம்பு விரல் முட்டியில் படும்படி.

எழுதுகிற கையில் அடிக்க மாட்டார். எப்போதும் இடது கைதான். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அவள் அழ மாட்டாள். பாவாடையில் கையைத் தேய்த்துக்கொண்டே போய் உட்காருவாள். அழவில்லை என்பதற்காகவே ஒருநாள் இன்னொன்று போட்டார்.

இப்போது அதே இடது கை கிட்டார் மேல் ஏறி இறங்குவதைப் பார்க்கிறார். எவ்வளவு லேசாகப் போகிறது!

அவளுக்கு ஞாபகம் இருக்குமா? இருந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம். இல்லையென்றால் இவராகக் கிளறுவானேன்? எழுந்து போகவும் முடியவில்லை. மடியில் கிட்டார் பாறாங்கல்லாகக் கிடந்தது.

அந்தப் பை வேறு.

போன வாரம் தொலைபேசியில் அவள், "நோட்டும் பென்சிலும் கொண்டு வாங்க சார். ஸ்கேல்தான் முதல்ல" என்று சொல்லியிருந்தாள். அவர் பையில் நோட்டு எடுத்துவைத்தார். பென்சில் எடுத்துவைத்தார். பீரோவுக்குள் கிடந்த பழைய மரஸ்கேலையும் எடுத்துத் துடைத்து வைத்தார். அவர் வாழ்க்கையில் ஸ்கேல் என்றால் ஒன்றுதான்.

அவள் கிட்டாரை எடுத்து எட்டுச் சுரத்தையும் வாசித்து, "இதுதான் சார் ஸ்கேல்" என்று சொன்னபோதுதான் உறைத்தது.

மரஸ்கேல் பையிலிருந்து நான்கு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அப்போதிலிருந்து விரல் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

வாசித்தார். நான்காம் கட்டம்.

வாசித்தார். நான்காம் கட்டம்.

"நோட்டைக் குடுங்க சார், வரைஞ்சு காட்டுறேன்."

ஸ்கேல் மேலே வராதபடி நோட்டை மட்டும் உருவிக் கொடுத்தார். பென்சிலையும் கொடுத்தார்.

அவள் நோட்டை மேசையில் விரித்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கிட்டாருக்கு ஆறு கம்பி, ஆறு கோடு. முதல் கோடு கொஞ்சம் வளைந்தது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது இரண்டாவதைத் தொடப் பார்த்தது.

கோணல் கோட்டை அவரால் என்றைக்குமே பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததில்லை.

யோசிக்கவே இல்லை. கை தானாகப் பைக்குள் போனது. ஸ்கேலை எடுத்து நீட்டிவிட்டார்.

நோட்டின் மேல் இருந்த அவளுடைய விரல்கள் நான்கும் சட்டென்று மடங்கின. கட்டைவிரல் உள்ளே போனது. கை மேசைக்குக் கீழே போய்விட்டது.

அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கை போனது அவளுக்கே தெரியாது போலிருந்தது.

மேலே விசிறி சுற்றியது. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியதை முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஒருவரிடமும் சொல்லிப் பழகவில்லை.

ஸ்கேலை மேசை மேல், அவள் பக்கமாக வைத்தார்.

பிறகு தன் இடது கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். புறங்கை மேலே.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

ஸ்கேலை எடுத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தாளின் மேல் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரே இழுப்பு. இன்னொன்று. மூன்றாவது.

கண்ணைத் திறந்தபோது கடைசி மூன்று கோடுகளும் நேராக இருந்தன.

"வாசிங்க சார்" என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை.