ஒன்பதாவது கேள்வி

உதவித்தொகைக்காக வீட்டைப் பார்வையிட அதிகாரி வந்தபோது, அந்த வீடு வரலாற்றிலேயே முதல்முறையாகப் பணக்கார வீடாக இருந்தது.

டி.வி. இருந்தது. பிரிட்ஜ் இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு நான் இருந்தேன்.

எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. செங்கல் சூளையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து வீட்டை நிரப்பியிருந்தார். ஒன்றுமில்லாத வீட்டை நம்பி யார் கொடுப்பார்கள் என்பது அவருடைய பொருளாதாரக் கொள்கை.

உதவித்தொகையே ஒன்றுமில்லாதவர்களுக்குத்தான் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தாள் மகள். தெருவில் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். அந்த ஒரு வழக்கில் மட்டும் அவள் வாதம் எடுபடவில்லை.

ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. உதவித்தொகை வந்தால் நகரத்தில் விடுதி, பதினொன்றாம் வகுப்பு. வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அம்மாவோடு சூளை. மேஸ்திரி இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

அதிகாரி படிவத்தை விரித்தார். டி.வி., டிக். பிரிட்ஜ், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அம்மாவின் முகம் மலர்ந்தது. மகளின் முகம் தேய்ந்தது.

ஒன்பதாவது கேள்வி: சம்பாதிக்கும் மூத்த சகோதரர் உண்டா?

அம்மா பெருமையாக என்னைக் காட்டினார். "மூத்தவன். காலேஜ் முடிச்சிட்டான், வேலைக்குப் போறான்."

அந்த ஒரு வரியில் மூன்று பொய்கள். நான் கம்பீரமாகத் தலையாட்டினேன்.

பேனா தாளைத் தொடுவதற்குள் குட்டி வக்கீல் குறுக்கே வந்தாள்.

"சார், டி.வி. டெய்லர் வீட்டுது. பிரிட்ஜ் சோடாக் கடையோடது. வேணும்னா பாருங்க, பிளக் சொருக எங்க வீட்ல இடமே கிடையாது. நீங்க வர்றீங்கன்னு எங்கம்மா கேட்டாங்க. கேட்ட வாய் மூடுறதுக்குள்ள எல்லாரும் எடுத்துக் குடுத்துட்டாங்க. இந்தத் தெருவுல வேற யாரு கேட்டாலும் ஒரு கரண்டி பெயராது சார்."

குனிந்திருந்த அம்மாவின் தலை, அந்தக் கடைசி வரியில் மெல்ல நிமிர்ந்தது. உண்மையைச் சொல்லியும் அம்மாவைக் காப்பாற்றும் வித்தையை எந்தச் சட்டக் கல்லூரியிலும் கற்றுத்தருவதில்லை.

அதிகாரி போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்து, ஒன்பதில் நின்றார். "அப்ப அண்ணன்?"

"அண்ணன் நாற்காலியோட வந்தவரு சார். எதிர்வீடு. சாயங்காலம் ரெண்டையும் திருப்பிக் குடுக்கணும்."

அதிகாரி ஒன்பதாவது கேள்வியோடு சேர்த்து என்னையும் ஒரே கோட்டில் அடித்தார். கீழே 'தகுதி உண்டு' என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்திரிங்க தம்பி. அந்தம்மா உக்காந்து கையெழுத்துப் போடட்டும்."