வெள்ளையும் சிவப்புமா இரு

பள்ளி வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே ரலிட்சா மகளின் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

நெற்றியில் காற்று படட்டும். ஸ்லிவென் நகரத்து மலைக்காற்று வேறு எதற்குத்தான் உதவப்போகிறது?

காய்ச்சல் மருந்தை விடிவதற்கு முன்பே கொடுத்தாயிற்று. அதன் ஆரஞ்சு வாடை போக, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாப் பலகாரம் ஒரு துண்டும் ஊட்டியாயிற்று. அதைத் தின்ன போயானா பட்ட பாடு! நாலு வயசுப் பிள்ளை. காய்ச்சல் வாயில் எதுவும் இறங்காமல் அழுதது. தின்னுடி கண்ணு, தின்னுடி என்று கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஓர் அதட்டல் போட்டாள்.

அந்த அதட்டல் இன்னும் அவள் காதிலேயே கிடந்தது.

என்ன செய்ய? புருஷன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஜனவரியில் லீவு, பிப்ரவரியிலும் லீவு. இன்னொரு தடவை லீவு என்று வந்து நின்றால் அப்படியே வீட்டிலேயே இருந்துகொள் என்று மேலதிகாரி அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

எரிச்சல்கூட வரவில்லை. எரிச்சல்படவும் தெம்பு வேண்டுமே.

வாசலில் நர்ஸ் பென்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையாக நெற்றியைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, அப்புறம்தான் உள்ளே விடுவாள். இன்றைக்கு மடியில் ஒரு கூடையும் இருந்தது. கூடை நிறைய வெள்ளையும் சிவப்புமாய் முறுக்கிய நூல். மார்ச் முதல் தேதி. வருஷம் பூரா நோய்நொடி அண்டாமல் இருக்க ஆளுக்கொரு நூல்.

நெற்றிக்கு நேரே பிடித்த கருவி பச்சை விளக்கைக் காட்டியது.

அப்பாடா.

ஆனால் நூல் கட்ட மணிக்கட்டைப் பிடிக்க வேண்டுமே. அதை அவள் யோசிக்கவில்லை. இந்த நாளையே மறந்துவிட்டிருந்தாள், பாவி.

பென்காவின் கட்டைவிரல் போயானாவின் நாடியில் போய் உட்கார்ந்தது. நகரவில்லை.

"வெளிய குளிரு அக்கா, அதான் கன்னம் இப்படிச் சிவந்திருக்கு" என்றாள் ரலிட்சா.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுகிறவளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது அவளுக்குத் தெரியாததா?

பென்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

பிறகு குனிந்து நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

"வெள்ளையும் சிவப்புமா இரு, கண்ணு."

நோயில்லாமல் இரு என்று இன்றைக்கு ஊரெல்லாம் சொல்லுகிற வாழ்த்துதான். ரலிட்சா கையிலிருந்த தொப்பியைப் பைக்குள் திணித்தாள்.

"நீ ஓடு. உன் வாசல்ல கூட்டம் நிக்கும். போனைப் பக்கத்துலயே வச்சுக்க" என்றாள் பென்கா.

எப்போதும் திரும்பிக் கையாட்டுகிற போயானா இன்றைக்கு ஆட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ரலிட்சா ஓடினாள். பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, ஒரு நிறுத்தம் வரைக்கும் தூங்கியும் போனாள். இறங்கி மறுபடி ஓட்டம். நகரத்தின் மறுகோடியில், பழைய நெசவாலைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டாள். பையில் டார்ச்சைச் செருகிக்கொண்டாள். யாரோ தயாராக வைத்திருந்த நூல் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா வந்தாச்சு!" என்று ஒரு வாண்டு கத்தியது.

இந்த மழலையர் பள்ளிக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். சொந்தப் பிள்ளைக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை.

வரிசையில் முதலில் நின்ற பையன் தொப்பி போட்டிருக்கவில்லை. கருவி பச்சை விளக்கைக் காட்டியது. நூல் கட்டக் கையைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வெளிய குளிரு சிஸ்டர், அதான் கன்னம்..." என்றாள் அவன் அம்மா. கோட்டுக்கடியில் தையல் ஆலைச் சீருடை தெரிந்தது.

ரலிட்சா முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ள இத்தனை பிள்ளைங்க இருக்கு." வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு.

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"உங்களுக்கென்ன சிஸ்டர், உங்க பிள்ளைக்கு முடியலன்னா நீங்களே பக்கத்துல உக்காந்து பாத்துக்குவீங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை ரலிட்சா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்தாள். ஒரு குட்டிப் பெண். நாடி ஒழுங்காக ஓடியது. கை சில்லென்று இருந்தது.

அவ்வளவு நல்ல சில்லிப்பு.

நூலைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். வாழ்த்தும் சொன்னாள்.

"கட்டியாச்சே சிஸ்டர்" என்றது அந்தப் பிள்ளை. "கையை விடுங்க."