இரண்டு விரல் இடைவெளி

"முதல்ல நீங்க உட்காருங்க மேடம். பாப்பாவுக்குச் செய்யறதை அம்மா ஒரு தடவை அனுபவிச்சுப் பார்க்கணும், இங்க அதுதான் வழக்கம்" என்றாள் சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் ஜெயசுதா. பின்பக்கம் பூட்டும் பெல்ட் வைத்த நாற்காலியில் வத்சலா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவளுக்கு ஜெயசுதாவை அடையாளம் தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் பள்ளியில், ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று ஜெயசுதாவின் மகளைத் துப்பட்டாவால் பெஞ்சோடு கட்டிவைத்துப் பாடம் நடத்தியவள் இந்த வத்சலாதான். ஜெயசுதா இந்தப் படிப்பைப் படித்ததே அதற்குப் பிறகுதான். குழந்தைகளுக்கு இரண்டு விரல் நுழையும்படி விட்டுத்தான் பெல்ட்டை மாட்டுவாள். இன்று அந்த இடைவெளி விடாமல் இறுக்கிப் பூட்டினாள். பிறகு வத்சலாவின் மகளைத் துணி ஊஞ்சலில் படுக்கவைத்து ஆட்டினாள். வந்ததிலிருந்து அலறிக்கொண்டிருந்த குழந்தை மெல்ல அடங்கியது.

"போதுங்க, கழட்டிவிடுங்க. மூச்சு முட்டுது."

"உங்களுக்குக் கேட்கத் தெரியுது டீச்சர்" என்றாள் ஜெயசுதா, திரும்பாமல். "என் அமுதினிக்கு அதுகூடத் தெரியாது."

நாற்காலிக் கால்கள் தரையில் உராயும் சத்தம் கேட்டது. ஊஞ்சலிலிருந்து குழந்தை கையை நீட்டி, இன்னும் ஆட்டு என்பதுபோல் ஜெயசுதாவின் சட்டையைப் பிடித்து இழுத்தது. ஜெயசுதா மறுபடி தள்ளினாள்.