இளநீலக் கிமோனோ

இதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். அதோடு, எதைச் சொன்னாலும் நியாயம் என் பக்கம் இருக்கிற மாதிரியே சொல்லிவிடுவேன்.

ஹருயோ அக்காவும் நானும் டொயாமாவில் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். அன்று லீவு. ஊர் சுற்றிப் பார்க்கக் கனசாவா போயிருந்தோம்.

காலையிலிருந்தே அக்கா என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

மீன் சந்தையில் கடைக்காரரிடமே, "எங்க ஊர்ல இதைப் போட்டா பூனை மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்றார். பூங்காவில் அழகுக்காகப் பாசி வளர்த்திருந்த இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை, "பாசி மேல மிதிக்காதீங்க!" என்று விரட்டினார்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"ஏன் ஃபுமி, இங்க யாராவது தூங்குறாங்களா?"

தொழிற்சாலையில் எல்லாருக்கும் கொடுக்க இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு, பழைய தேநீர் விடுதித் தெருவுக்கு வந்தோம். அந்த ஊர் விசேஷமான, தின்னக்கூடிய தங்கத்தாள் ஒட்டிய ஐஸ்கிரீமுக்கு நீள வரிசை. நாங்களும் நின்றோம்.

எங்களுக்கு முன்னால் இளநீலக் கிமோனோவில் ஒரு பெண். பக்கத்தில் ஓர் இளைஞன், அவனுடைய அம்மா.

"மூணு தலைமுறையா கிமோனோ விக்கிற குடும்பம்மா எங்களுது" என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் பெரியவங்க எல்லாரும் உன்னைப் பாக்க வர்றாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். புரியுதில்ல?"

அந்தப் பெண் மூச்சுக்கூட அளந்து விட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

திடீரென்று ஹருயோ அக்கா பாய்ந்து அவள் முதுகோடு ஒட்டி நின்றார்.

"ஏம்மா, இப்படியா இடுப்புப்பட்டை கட்டுவாங்க? கண்றாவி!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

முன்பின் தெரியாத பெண்களை நிறுத்தி, கிமோனோ கட்டியது சரியில்லை என்று இழுத்துத் திருத்தும் பொம்பளைகள் எங்கள் ஜப்பானில் உண்டு. அப்படி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

"நல்லாத்தானே இருக்கு!" என்றார் பையனின் அம்மா.

"இதா? அரிசி மூட்டைக்குக் கூட இதைவிட நல்லாக் கட்டுவாங்க. வா, அவுத்துக் கட்டி விடுறேன்."

அந்தப் பெண்ணின் முதுகை விட்டு விலகாமலே, இனிப்புப் பெட்டியை அவள் இடுப்புக்குக் கீழே வைத்து முட்டித் தள்ளியபடியே கழிவறைப் பக்கம் கொண்டுபோனார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையே முடிவாகிற நாள். அன்றைக்கா இப்படி?

நான் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சுக்கோங்க. அவங்க என்கூட வேலை பாக்குறவங்க, அவ்வளவுதான். எனக்கு அதிகம் பழக்கம் இல்லை."

"என்ன திமிர் பாருங்க!" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க, திமிர்தான்."

கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். கண் சிவந்திருந்தது. தோளிலிருந்து முழங்கால்வரை ஹருயோ அக்காவின் கருப்பு மேலங்கி. அதையும் திணித்துவிட்டிருக்கிறார்!

"பாவம், அழாதம்மா." அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படிப்பட்டவங்ககிட்டயும் நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே! நான் சொல்றேன் பெரியவங்ககிட்ட."

ஹருயோ அக்கா வந்து ஐஸ்கிரீம் வாங்கினார்.

ரயிலில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன். "இனிமே உங்ககூட எங்கேயும் வர மாட்டேன். தொழிற்சாலையில எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

அக்கா மேலங்கி இல்லாமல் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"அந்தப் பொண்ணுக்குத் தீட்டு வந்துடுச்சு ஃபுமி. பின்னாடி கறை. அந்தம்மா ஒரு தடவை திரும்பியிருந்தா போதும், மானம் போயிருக்கும். எனக்கு வேற வழி தோணலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நீ பயந்தவ. உனக்குத் தெரிஞ்சிருந்தா முகமே காட்டிக் கொடுத்திருக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரிசையில் அந்தப் பெண்ணுக்கு நேர் பின்னால் முதலில் நின்றது நான்தான். கறையைப் பார்த்ததும், "அக்கா, நீங்க குள்ளம். முன்னால வந்தா தங்கத்தாள் ஒட்டுறது நல்லாத் தெரியும்" என்று என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டேன்.