வீட்டுக்கு மட்டும் நகம்

“இது வேணாம். கழட்டவே அரை நாளாகும் போல இருக்கு. சட்டுனு கழட்டி, சட்டுனு மாட்டுற மாதிரி இருக்கா?”

பசை போட்டு ஒட்டும் நகப் பெட்டியை ஹனீன் திருப்பிக் கொடுத்தாள். சிங்கப்பூர் தேக்காவில் அந்தச் சின்னக் கடையில் வளையலும் பொட்டும் போக மிச்சமிருந்த சுவர் முழுக்க ஒட்டு நகங்கள்தாம். கடைக்காரப் பெண் இன்னொரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

“அப்போ டேப் வச்சது எடுத்துக்குங்க அக்கா. எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டி மாட்டலாம். டேப் மட்டும் மாத்துனாப் போதும்.”

“இதுல சிவப்பு இருக்கா? நல்லா பளிச்சுனு?”

கூட வந்திருந்த சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியைகள்.

“சென்டர்ல நகம் லேசா வளந்தாலே பிரின்சிபல் ஒரு பாட்டம் கத்துறாங்க. நீ இதை எங்க போட்டுக்கப் போற?”

“வீட்டுக்குத்தான்.”

“வீட்டுல யாரு லா பாக்கப் போறா? உன் வீட்டுக்காரர் ஃபஹத்தா? அவருக்கு நீ முடி வெட்டினதே ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

“மாமி பாப்பாங்க.”

“மாமியாருக்குக் காட்டவா இவ்ளோ செலக்‌ஷன்?”

ஹனீன் பெட்டியைத் திறந்து, ஒரு நகத்தைப் பெருவிரலில் வைத்துப் பார்த்தாள்.

“நகம் ஒட்டியிருந்தா ஒளு செய்ய முடியாது சங்கீதா. தொழறதுக்கு முன்னாடி கை, முகம், கால் எல்லாம் கழுவுவோம்ல, தண்ணி நகத்துல படணும். அதனால தொழுகை இல்லாத நாள்ல மட்டும்தான் இதெல்லாம். மாசத்துல அந்த நாலஞ்சு நாள்.”

சங்கீதாவின் சிரிப்பு நின்றுபோனது. போன வருடம் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஹனீன் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே மாமியார் ஆமினா பீவி தன் மகள் அஃப்னாவிடம் சொன்னார். அஃப்னா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஜொகூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் வாழ்த்து வந்து குவிந்தது. சில வாரங்களில் கரு கலைந்தது. வாழ்த்திய அத்தனை பேரும் பழப்பையைத் தூக்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஹனீன் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. நல்ல எண்ணத்தில் வந்தவர்கள்தாம், ஆனால் அவளைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

“அப்போ இந்த மாசமும்...” என்று இழுத்தாள் சங்கீதா.

“விடேன். நகத்தைப் பாரு.”

“மாமி ஏதாச்சும் சொல்வாங்களா?”

“ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நகத்தை ஒரு பார்வை பாப்பாங்க. அன்னிக்கு முழுக்க ஃபிரிட்ஜ் கதவைக்கூட மெதுவாத்தான் சாத்துவாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

“அப்புறம் ஏன் சிவப்பு? தோல் கலர்ல எடுத்தா கண்ணுலயே படாதே?”

“படணும். பட்டுட்டா கேள்வி வராது.”

சிவப்புப் பெட்டிக்குச் சங்கீதாவே காசு கொடுத்தாள்.

மார்சிலிங்கில் தன் வீடிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து, பத்து நகத்தையும் ஒட்டிக்கொண்டுதான் ஹனீன் மின்தூக்கியில் ஏறினாள்.

ஆமினா பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் காலணியைக் கழற்றும்போதே அந்த விரல்களைப் பார்த்துவிட்டார். கத்தி ஒரு நொடி நின்றது.

“வந்துட்டியாம்மா? டீ போடவா?”

“வேணாம் மாமி.”

ஃபிரிட்ஜ் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. இந்த மனுஷி ஒரு நாள் கோபமாகத் திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று ஹனீனுக்குத் தோன்றியது.

மாலை மஃரிப் தொழுகை நேரம் வந்தது. மற்ற நாட்களில் ஆமினா பீவி கூடத்தில் இரண்டு விரிப்பு விரித்து மருமகளைக் கூப்பிடுவார். இன்று ஒன்றை மட்டும் விரித்தார். அவர் தொழ நின்றதும் ஹனீன் குளியலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் வெளியே வந்து, தன் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று ஆமினா பீவி கையேந்திக் கேட்ட துஆ நீண்டது. என்ன கேட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவக் குளியலறைக்குப் போனார். திரும்பி வந்து ஹனீனின் கதவைத் தட்டினார்.

“ஒரு நிமிஷம் மாமி!”

உள்ளே எதையோ அவசரமாகத் தேடும் சத்தம். பிறகு கதவு பாதி திறந்தது. ஹனீன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஆமினா பீவி உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு சிவப்பு நகம், பெருவிரல் அளவு.

“குழாய்க்குக் கீழ கிடந்துச்சு.”

அவர் பார்வை மருமகளின் நனைந்த சட்டைக் கையில் விழுந்தது. அங்கிருந்து, அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் இன்னும் மடிக்காமல் கிடந்த தொழுகை விரிப்புக்குப் போனது. அப்புறம் அவள் வயிற்றுக்கு வந்து நின்றது.

“மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னுதான் மாமி...” ஹனீனுக்குக் குரல் உடைந்தது.

ஆமினா பீவி அவள் இடது கையை முன்னால் இழுத்து, பெருவிரலில் அந்த நகத்தை வைத்து அழுத்தினார்.

“சாப்பாட்டுக்கு அஃப்னா வர்றா. அவ கண்ணுல முதல்ல இந்த நகம்தான் படணும்.”