உப்பு வைத்த இடம்

"மாமா, உப்பு வெச்ச இடம் தெரியல! ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடறீங்களா?"

சமையலறையிலிருந்து வந்த மருமகளின் குரலுக்கு, "இதோம்மா!" என்று தன் அறைக்குள்ளிருந்து பதில் கொடுத்தார் பெரியவர். செருப்பைத் தேடினாரோ என்னவோ, உள்ளே கொஞ்ச நேரம் கடமுட சத்தம். பிறகு துணிப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வீட்டையும் கிடங்கு போலத்தான் நடத்துவான். மாதத்துக்கு ஒரே தடவைதான் கடை. வாங்கி வந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்து, அடியில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பழைய சரக்கோடு புது சரக்கு கலந்துவிடக் கூடாதாம்.

"பத்து தடவை கடைக்குப் போனா, பத்து தடவையும் வேண்டாத சாமான் ஒண்ணு கூடவே வரும். அதுக்குத்தானே மாசத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சிருக்கோம்?" என்றபடி சமையலறைக்குள் போனான்.

"வெச்சிருக்கோம் இல்ல, வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஒண்ணாம் தேதி உப்பு வாங்கினேன். புள்ளியும் வெச்சேன். எங்க போச்சு?"

"எங்கயோ வெச்சேன். ஞாபகமே வரமாட்டேங்குதுங்க."

"நேத்து சோப்பு. அதுக்கு முந்தின நாள் தீப்பெட்டி. இன்னிக்கு உப்பு. தினமும் ஒண்ணு காணாமப் போகுமா?"

"வயசாகுதுல்ல?" என்று சிரித்துவிட்டு அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காசுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை நடை நடந்தும் வீட்டுச் செலவு ஒரு காசுகூட ஏறியிருக்கவில்லை. அது தன் திட்டத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் பயந்தது வேறு ஒன்றுக்கு. அவன் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பை அணைப்பது, கடைசியில் பெற்ற மகளைப் பார்த்தே, "நீ யாரும்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இவளும் ஒரு நாள் தன்னைப் பார்த்துக் கேட்டுவிடுவாளோ?

இனியும் தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்விட வேண்டும் என்று முடிவு செய்தான். அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகள் அப்பாவின் கட்டிலுக்கு அடியிலிருக்கும் இரும்புப் பெட்டியில் கிடக்கும். அப்பாவின் அறைக்குள் போய், முழங்கால் போட்டுக் குனிந்து பெட்டியை இழுத்தான். திறந்தான்.

மேலாக ஒரு துண்டு. அதற்கு அடியில் சர்க்கரை, டீத்தூள், மிளகு. எல்லாவற்றின் அடியிலும் அவன் வைத்த சிவப்புப் புள்ளி.

"இங்க வா!" என்று கத்தினான்.

கரண்டியோடு ஓடி வந்த மனைவி, திறந்த பெட்டியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எப்படி இங்க வந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று பயந்து பயந்து கேட்டான்.

"இல்லாம என்ன? நான்தானே ஒளிச்சு வெச்சேன். நாளைக்குச் சர்க்கரை, அதுக்கு அடுத்த நாள் டீத்தூள்."

"என்னது?"

"முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் நடந்தாகணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நாம எத்தனை கெஞ்சு கெஞ்சினோம்! 'வேலைவெட்டி இல்லாம தெருவை அளக்கச் சொல்றியா'ன்னு மாமா கட்டிலை விட்டு எழுந்திருச்சாரா? மருமக உப்பில்லாம நிக்கிறான்னா மட்டும் அவரால படுத்திருக்க முடியாது. அதான் கொஞ்ச நாளா எனக்கு மறதி."

"அதுக்கு அவர் கட்டிலுக்கு அடியிலயேவா ஒளிச்சு வைப்பே?"

"அதைவிடப் பத்திரமான இடம் எது? அவராலதான் குனியவே முடியாதே!"

அவன் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. சிரிக்கத்தான் ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் வேற என்னென்னவோ நினைச்சு..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்கம்மா மாதிரின்னா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களை மறந்தாலும் மறப்பேன். போன வருஷம் என் பிறந்தநாளை நீங்க மறந்ததை மட்டும் மறக்கவே மாட்டேன்."

"போகட்டும். வாங்கினதையே திரும்பத் திரும்ப வாங்கினாலும் வாங்கிக்கலாம். காசு போனா போகுது" என்றான். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அவசரமாகப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். பெரியவர் கைப்பிடியைத் தொடாமலேயே மாடியேறி வந்து, பையிலிருந்து உப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்பப்பா, கடையில என்னா கூட்டம்டா! வரிசையில நின்னு நின்னே கால் கடுத்துப் போச்சு."

"நீங்க உட்காருங்கப்பா" என்று மகன், தான் வேலையிலிருக்கும்போது அப்பா வாங்கி வந்தவற்றுக்கு வைக்க முடியாத புள்ளியை இதற்காவது வைப்போமென்று சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, உப்பு பாக்கெட்டைக் கவிழ்த்தான்.

ஒன்றாம் தேதி அவன் வைத்த புள்ளி அங்கே ஏற்கெனவே இருந்தது.